தொண்ணூறு சதவீதம் முடிந்தது என்றால் என்ன முடிந்தது?

கொஞ்சம் நீளமான பதிவு. காபியோ டீயோ கையில் வைத்துக்கொண்டு படியுங்கள். கோபம் வந்தால் கீழே திட்டுங்கள், பதில் சொல்கிறேன்.

நம் புதுச்சேரியில் எந்த வேலையைப் பற்றிக் கேட்டாலும் ஒரே பதில்தான் வருகிறது. "தொண்ணூறு சதவீதம் முடிஞ்சிடுச்சு சார்." பாலமா, தொண்ணூறு. வாய்க்காலா, தொண்ணூறு. குழாயா, தொண்ணூறு. அடுத்த வருஷம் கேளுங்கள், தொண்ணூற்று மூன்று ஆகியிருக்கும். மீதி எங்கே நிற்கிறது, யார் மேசையில் நிற்கிறது, என்றைக்கு முடியும் என்று கேட்டால் மட்டும் முகத்தைப் பார்ப்பார்கள். காமராஜர் சாலையையும் மறைமலை அடிகள் சாலையையும் இணைக்க உப்பாறு வாய்க்கால் மேல் தொடங்கிய பாலம் எத்தனை வருஷம் அரைகுறையாக நின்றது என்று அந்தப் பக்கம் போய்வந்தவர்களுக்குத் தெரியும். அந்த வருஷங்களிலும் அதைப் பற்றி அறிக்கைகள் போய்க்கொண்டுதான் இருந்திருக்கும்.

இப்போது இதற்கெல்லாம் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. புராஜெக்ட் மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேர், டாஷ்போர்டு, பச்சை மஞ்சள் சிவப்பு விளக்கு. ஒரு பொத்தானை அழுத்தினால் வண்ண வண்ணமாக ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் வந்து விழுகிறது. கூட்டத்தில் திரையில் போட்டுக் காட்டுகிறார்கள், எல்லோரும் தலையாட்டுகிறார்கள். என் வாதம் இதுதான்: சதவீதத்தை மட்டும் சொல்லும் ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் மக்களை ஏமாற்றும் காகிதம். அதைக் கையால் எழுதினாலும் ஏமாற்றுதான், சாஃப்ட்வேரில் எடுத்தாலும் ஏமாற்றுதான். சாஃப்ட்வேரில் எடுத்தால் பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு தெருவில் 1,000 மீட்டர் பாதாளச் சாக்கடைக் குழாய் போட வேண்டும். 950 மீட்டர் போட்டாகிவிட்டது. எத்தனை சதவீதம்? ஆறாம் வகுப்புப் பையன் சொல்வான், 95. கணக்கு சரிதான். ஆனால் மீதி 50 மீட்டர் மெயின் குழாயோடு சேர வேண்டிய இடத்தில் இருக்கிறது என்று வையுங்கள். அது சேராதவரை ஒரு வீட்டின் கழிவுநீர்கூட அந்தக் குழாயில் போக முடியாது. தெருவில் இருப்பவர்களுக்குக் கிடைத்த பயன் எத்தனை சதவீதம்? சுழியம். அறிக்கையில் 95, வாழ்க்கையில் 0. இரண்டும் ஒரே தெரு.

இது கற்பனைக் கணக்கு என்று நினைக்காதீர்கள். எங்கள் கருவடிக்குப்பம் பக்கத்தில் ஒரு தெரு. தெருவின் பெயரும் வேண்டாம், அலுவலகத்தின் பெயரும் வேண்டாம். தோண்டிப் போட்டு மாதக்கணக்கில் கிடந்தது. தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். முதல் பதில்: 85 சதவீதம் முடிந்தது. நான்கு மாதம் கழித்து மறுபடி போட்டேன்: 92. இன்னும் ஐந்து மாதம் கழித்து: 96. மூன்று கடிதத்திலும் "விரைவில்" என்ற சொல் இருந்தது, தேதி ஒன்றிலும் இல்லை. இந்த ஒன்பது மாதத்தில் தெருக்கோடியில் இருந்த பள்ளம் ஒரு அடிகூட நகரவில்லை. ஆட்டோ உள்ளே வராது. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். அவரை நாற்காலியில் உட்கார வைத்து மெயின் ரோடுவரை தூக்கிக்கொண்டு போனார்கள், இரண்டு பையன்கள்.

பிறகு வேலை பார்க்கும் மேஸ்திரியிடம் கேட்டேன். அவர் ஒரே வரியில் சொன்னார். "மெயினோட சேக்கணும்னா பெரிய ரோட்ட வெட்டணும்யா. அதுக்கு வேற டிபார்ட்மென்ட் பர்மிஷன் தரணும். லெட்டர் போயி பத்து மாசம் ஆச்சு." பாருங்கள், உண்மையான ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் இதுதான். மூன்று வாக்கியம். என்ன நிற்கிறது, எதனால் நிற்கிறது, எத்தனை நாளாக நிற்கிறது. சம்பளத்துக்கு ஆள் வைத்து எழுதிய மூன்று கடிதங்களில் இல்லாதது, சிமென்ட் கையோடு நின்றவர் வாயில் இருந்தது. அப்படியானால் 85 எப்படி 96 ஆனது? ஒப்பந்ததாரரின் பில்கள் ஒவ்வொன்றாகப் பாஸ் ஆகின. பணம் போனதை வேலை நடந்ததாக எழுதிவிட்டார்கள்.

இதில் எனக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளியில் இருந்தவன் நான். எங்கள் தொழிலிலும் இதே நோய் உண்டு. "போர்ஷன் முடிஞ்சுதா?" என்று கேட்பார்கள். ஏழாவது பாடம் முடிந்தது என்று நோட்டில் எழுதுவோம், கையெழுத்து விழும். அந்த நோட்டில் பையன்களுக்குப் பின்னம் கூட்டத் தெரிந்ததா என்பதற்குப் பத்தியே கிடையாது. நடத்தியது வேறு, புரிந்தது வேறு என்று ஒவ்வொரு வாத்தியாருக்கும் தெரியும். குழாய் போட்டது வேறு, தண்ணீர் ஓடியது வேறு என்று ஒவ்வொரு இன்ஜினியருக்கும் தெரியும். தெரிந்தே எழுதுகிற அறிக்கை இது. கார்பைடு கல் வைத்த மாம்பழம் மாதிரி மேலே மஞ்சள், கடித்தால் புளிப்பு.

சாஃப்ட்வேரைத் திட்டி என்ன பயன் என்று கேட்பீர்கள். நான் அதைத் திட்டவில்லை. கட்டுமானக் கம்பெனி ஒன்றில் திட்டமிடல் பிரிவில் இருக்கும் என் மாணவன் ஒருவன் போன பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தபோது லேப்டாப்பைத் திறந்து காட்டினான். பிரைமவேரா, மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட் என்று இரண்டு. பார்த்து அசந்துபோனேன். நூறு வருஷத்துக்கு முன்பு ஹென்றி கான்ட் என்ற அமெரிக்கர் பிரபலமாக்கிய பட்டை வரைபடம் அதில் இருக்கிறது: எந்த வேலை எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடிய வேண்டும் என்று கோடு போட்டுக் காட்டும். 1950களின் கடைசியில் டூபான்ட் கம்பெனியில் உருவான 'கிரிட்டிக்கல் பாத்' முறையும் இருக்கிறது. நூறு வேலைகளில் எந்தப் பத்து வேலை ஒருநாள் தாமதமானால் மொத்தத் திட்டமும் ஒருநாள் தாமதமாகும் என்று அது கண்டுபிடித்துச் சொல்லும். அதே காலத்தில் அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவாக்கிய பெர்ட் முறை இதற்குத் தம்பி.

அதாவது, எங்கள் தெருவில் மேஸ்திரி சொன்னதை இந்தச் சாஃப்ட்வேர் முதல் நாளே சொல்லியிருக்கும். "ரோடு வெட்டும் அனுமதி" என்று ஒரு வரி சேர்த்து, அதற்குப் பொறுப்பு யார் என்று எழுதி, அது முடியாமல் இணைப்பு வேலை தொடங்க முடியாது என்று ஒரு கோடு போட்டிருந்தால், முதல் வாரத்திலேயே அந்த வரி சிவப்பாகியிருக்கும். 950 மீட்டர் குழாய் பச்சையாக இருந்து பிரயோஜனம் இல்லை என்று பள்ளிப் பிள்ளைக்கும் புரிந்திருக்கும்.

"அப்புறம் ஏன்பா எல்லா ரிப்போர்ட்டும் பச்சையாவே வருது?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு ஒரு பொத்தானைக் காட்டினான். 'பேஸ்லைன்' என்று பெயர். திட்டம் தொடங்கும்போது போட்ட முதல் தேதிகளை அப்படியே பூட்டி வைப்பது. அதோடு ஒப்பிட்டால்தான் எத்தனை நாள் தாமதம் என்று தெரியும். "சார், தாமதம் ஆனா அந்தப் பேஸ்லைனையே புதுசா போட்டுடுவாங்க. போட்ட உடனே எல்லாம் பச்சை ஆயிடும்." பரீட்சையில் முப்பது மார்க் வாங்கியவனைப் பாஸாக்க, பாஸ் மார்க்கை இருபத்தெட்டாக மாற்றுவது போல. பையன் படித்தானா? இல்லை. ரிப்போர்ட் படித்துவிட்டது.

பெரிய திட்டங்களைப் பாருங்கள். ஸ்மார்ட் சிட்டி திட்டம் 2015 ஜூன் 25 அன்று தொடங்கியது. நம் ஊர் 2017 ஜூனில் பட்டியலில் சேர்ந்தது. நாடு முழுக்க 100 நகரம். கெடு 2023 ஜூன் என்றார்கள், 2024 ஜூன் என்றார்கள், கடைசியில் 2025 மார்ச் 31-ல் வந்து நின்றது. கெடுவை நீட்டியதற்கு நியாயமான காரணங்களும் இருக்கலாம். நடுவில் கொரோனா வந்தது. என் கேள்வி வேறு. ஒவ்வொரு முறை நீட்டும்போதும் முதல் தேதி என்ன, இரண்டாவது தேதி என்ன, ஏன் மாறியது என்று பொதுமக்கள் பார்க்கிற மாதிரி ஒரே பக்கத்தில் யாராவது எழுதி ஒட்டினார்களா? புதிய தேதி மட்டும்தான் நம் கண்ணில் பட்டது. பழைய தேதியைச் சொல்லாத அறிக்கைக்குத் தாமதம் என்ற சொல்லே தெரியாது.

நான் வாய்க்கு வந்ததைப் பேசவில்லை. மத்தியப் புள்ளியியல் மற்றும் திட்ட அமலாக்க அமைச்சகமே இதை ஒப்புக்கொள்கிறது. 150 கோடி ரூபாயும் அதற்கு மேலும் செலவாகும் மத்தியத் திட்டங்களை அது மாதாமாதம் கண்காணித்து அறிக்கை போடும். 2024 மார்ச் கணக்கில் 1,873 திட்டங்கள். அதில் 779 தாமதம். 449 திட்டங்களில் செலவு மதிப்பீட்டைத் தாண்டியது, கூடுதல் தொகை மட்டும் 5 லட்சம் கோடிக்கு மேல். இதைவிட முக்கியமான ஒரு வரி அந்த அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வரும்: பல திட்டங்களுக்குத் திருத்திய மதிப்பீட்டையும் முடியும் தேதியையும் அந்தந்த நிறுவனங்கள் தெரிவிப்பதே இல்லை, அதனால் தாமதமும் கூடுதல் செலவும் உண்மையைவிடக் குறைவாகவே கணக்கில் தெரிகின்றன. கண்காணிக்கிறவரே "எனக்குச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்" என்று எழுதுகிறார். அங்கேயும் கம்ப்யூட்டர் இருக்கிறது, போர்ட்டல் இருக்கிறது. நிரப்ப வேண்டிய கட்டத்தை மனிதன் காலியாக விட்டால் போர்ட்டல் என்ன செய்யும்?

நூறு நாள் வேலைத் திட்டத்தைப் பாருங்கள். வேலைக்கு வந்தவர்களைத் தினமும் இரண்டு முறை செல்போன் ஆப்பில் படம் எடுத்து ஏற்ற வேண்டும் என்று 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கினார்கள். இனி ஏமாற்ற முடியாது என்றார்கள். 2025 ஜூலையில் அதே அமைச்சகம் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது: சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுகிறார்கள், படத்தையே படம் எடுத்து ஏற்றுகிறார்கள் என்று. ஏமாற்ற நினைத்தவன் எளிதாக ஏமாற்றினான். சிக்னல் கிடைக்காத ஊரில் நேர்மையாக வெயிலில் மண் வெட்டிய கிழவிதான் வருகை பதிவாகாமல் கூலிக்காக அலைந்தாள்.

நம் நாடுதான் இப்படி என்று தலையில் அடித்துக்கொள்ளவும் வேண்டாம். ஒழுங்குக்குப் பேர்போன ஜெர்மனியில் பெர்லினின் புதிய விமான நிலையம் 2012 ஜூன் 3-ல் திறக்க வேண்டியது. அழைப்பிதழ் எல்லாம் தயார். நான்கு வாரத்துக்கும் குறைவாக இருக்கும்போது நிறுத்தினார்கள். தீப்பிடித்தால் புகையை வெளியேற்றும் ஏற்பாடு சரியாக வேலை செய்யவில்லை. கடைசியில் திறந்தது 2020 அக்டோபர் 31-ல். கட்டடம் கண்ணுக்கு முன்னால் நின்றது, சதவீதத்தில் பார்த்தால் முடிந்த மாதிரிதான். முடியாத பாகம் எதுவோ அதுதான் உயிர் காக்கும் பாகம்.

உயிர் என்று சொன்னதால் நம் ஊர்க் கதைக்கே வருகிறேன். 2024 ஜூன் 11. ரெட்டியார்பாளையம் புதுநகர். பாதாளச் சாக்கடையிலிருந்து வீட்டுக் கழிவறை வழியாக வந்த விஷவாயுவால் மூன்று பேர் இறந்தார்கள். ஒரு மூதாட்டி, அவருடைய மகள், பள்ளியில் படிக்கும் ஒரு சிறுமி. யார் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்ல நான் நீதிபதி இல்லை. வாத்தியாராக ஒன்று மட்டும் கேட்கிறேன். பாதாளச் சாக்கடைத் திட்டத்தின் அறிக்கையில் "வீட்டு இணைப்புகள்: இத்தனை" என்று எண்ணிக்கை வரும். ஒவ்வொரு இணைப்பிலும் வாயு திரும்பி வராமல் தண்ணீர் தேங்கித் தடுக்கும் வளைகுழாய் இருக்கிறதா, காற்றுப்போக்கிக் குழாய் இருக்கிறதா என்று சரிபார்த்து எழுதும் பத்தியை உங்களில் யாராவது எந்த அறிக்கையிலாவது பார்த்ததுண்டா? அந்த வளைகுழாய் என்ற ஒன்று இருப்பதே நம்மில் பலருக்கு அந்த ஜூனுக்குப் பிறகுதான் தெரியும். எண்ணிக்கை மட்டும் இருக்கும் அறிக்கையில் இணைப்பு ஒவ்வொன்றும் ஒரு வெற்றி. வீட்டுக்குள் இருப்பவருக்கு அது பாதுகாப்பாக இருந்தால்தான் இணைப்பு.

லாஸ்பேட்டை, கனகன் ஏரி, துப்ராயப்பேட்டை மூன்று இடத்திலும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. நாளொன்றுக்குத் தலா 17 மில்லியன் லிட்டர் என்பார்கள். அது நிலையத்தின் கொள்ளளவு. நேற்று எத்தனை லிட்டர் உள்ளே வந்தது, எத்தனை லிட்டர் எந்தத் தரத்தில் வெளியே போனது என்பதுதான் நிலைமை. லாஸ்பேட்டை நிலையத்துக்குக் கூப்பிடு தூரத்தில் குடியிருக்கும் எங்களுக்கு இந்த இரண்டாவது கணக்குதான் வேண்டும். அதைத்தான் எந்தப் பலகையிலும் காணோம்.

சரி, எதிர்த்தரப்பு நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். என் மாணவர்களில் அரசு இன்ஜினியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது: "சார், சிவப்புன்னு எழுதினா கூட்டத்துல எழுதினவனத்தான் நிக்க வச்சுக் கேக்கறாங்க. பச்சைன்னு எழுதினா டீ குடுத்து அனுப்பறாங்க." இது உண்மை. இதுதான் நோயின் வேர். அனுமதி தராமல் பத்து மாதம் கோப்பை வைத்திருந்த மேசைக்கு ஒரு கேள்வியும் கிடையாது. அனுமதி வரவில்லை என்று எழுதிய இளம் பொறியாளருக்கு மெமோ. வகுப்பில் "புரியல சார்" என்று கை தூக்கிய பையனைப் பெஞ்ச் மேல் ஏற்றினால், அடுத்த நாள் ஒரு கையும் எழாது. நாற்பது பேருக்கும் புரிந்துவிட்டது என்று வாத்தியார் சந்தோஷமாக வீட்டுக்குப் போகலாம். ரிசல்ட் வரும் நாளில் தெரியும்.

உண்மையைச் சொல்லி வேகமாக வேலை செய்ய முடியாதா? 1964 டிசம்பர் புயலில் பாம்பன் பாலம் சிதைந்தது. சீரமைக்க ஆறு மாதம் என்றது ரயில்வே, மேலதிகாரி அதை மூன்றாகக் குறைத்தார். ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் 46 நாளில் முடித்தார். அப்போது அவரிடம் லேப்டாப் இல்லை. பிற்காலத்தில் கொங்கண் ரயில்வேயிலும் டெல்லி மெட்ரோவிலும் அதே மனிதர் வேலையிடங்களில் தலைகீழாக ஓடும் கடிகாரத்தை மாட்டினார். இன்னும் இத்தனை நாள்தான் இருக்கிறது என்று காட்டும் கடிகாரம். கூலி வேலை செய்கிறவரும் பார்க்கலாம், சேர்மனும் பார்க்கலாம். "எத்தனை முடிந்தது" என்று பெருமை பேசாமல் "எத்தனை பாக்கி" என்று எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தார். ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்டின் மொத்த ரகசியமும் அதில் அடங்கிவிட்டது.

ஆகவே நான் கேட்பது பெரிய சாஃப்ட்வேர் எதுவும் இல்லை. இருப்பதையே ஒழுங்காக நிரப்புங்கள். ஒரே பக்கம், ஐந்து கேள்வி.

ஒன்று, முதலில் சொன்ன முடிவுத் தேதி என்ன, இன்றைய தேதி என்ன, நடுவில் எத்தனை முறை மாற்றினீர்கள்? பழையதை அழிக்கக் கூடாது.

இரண்டு, இன்றைக்கு மக்கள் பயன்படுத்தக்கூடிய நிலையில் இருப்பது எது? போட்ட குழாயின் மீட்டரைச் சொல்லாதீர்கள், தண்ணீர் ஓடுகிற குழாயின் மீட்டரைச் சொல்லுங்கள். செலவான பணத்தைத் தனி வரியில் எழுதுங்கள்.

மூன்று, எது நிற்கிறது, எந்தப் பதவியில் இருப்பவரின் மேசையில் நிற்கிறது, எந்தத் தேதியிலிருந்து?

நான்கு, யார் என்ன முடிவை எந்தத் தேதிக்குள் எடுத்தால் வேலை நகரும்?

ஐந்து, இது முடியாமல் கிடப்பதால் யாருக்கு ஆபத்து, அதற்கு இடைக்கால ஏற்பாடு என்ன? திறந்த பள்ளத்துக்குத் தடுப்பு, ஆம்புலன்ஸ் வர மாற்று வழி, வாயு வராமல் சோதனை, எல்லாம் இதில் வரும்.

கடைசியில் கையெழுத்து. பில் பாஸ் செய்கிறவர் கையெழுத்து மட்டும் போதாது. நேரில் போய்ப் பார்த்த வேறொருவர், பார்த்த தேதியோடு போட வேண்டும். விடைத்தாளைத் திருத்தும் வேலையைப் பரீட்சை எழுதிய பையனிடமே கொடுப்போமா?

இந்த ஒரு பக்கத்தைப் போர்ட்டலில் பூட்டி வைக்காமல் தோண்டிப்போட்ட தெருமுனையில் தகரப் பலகையில் ஒட்டுங்கள். தமிழில் ஒட்டுங்கள். தகவல் உரிமைச் சட்டம் 2005-ன் நான்காவது பிரிவு, அரசு அலுவலகங்கள் யாரும் கேட்காமலேயே தாமாக முன்வந்து தகவல்களை வெளியிட வேண்டும் என்கிறது. நாங்கள் பத்து ரூபாய் கட்டி, முப்பது நாள் காத்திருந்து, "96 சதவீதம்" என்ற பதிலை வாங்க வேண்டிய அவசியமே இல்லை.

பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள். இனி மனு போடும்போது "எத்தனை சதவீதம் முடிந்தது" என்று கேட்காதீர்கள். நாம் அப்படிக் கேட்பதால்தான் அப்படிப் பதில் வருகிறது. மேலே சொன்ன ஐந்து கேள்விகளை அப்படியே எழுதிக் கேளுங்கள். சதவீதத்தை எழுதித் தப்பிக்க முடியாத கேள்விகள் அவை.

லேப்டாப்போடு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிப்போர்ட் அனுப்பும் என் பிள்ளைகளுக்கு, சென்னையில் இருந்தாலும் சிங்கப்பூரில் இருந்தாலும் பாரிஸில் இருந்தாலும், ஒரு வார்த்தை. நீங்கள் மாற்றிப் போடும் ஒரு கட்டத்தின் நிறத்தை நம்பி எங்கேயோ ஒருவர் முடிவெடுக்கிறார். சிவப்பாக இருப்பதைச் சிவப்பு என்று எழுதுங்கள். அதற்காக ஒருவன் உங்களைத் திட்டினால் அவன் பெயரை நான்காவது கேள்விக்குப் பதிலாக எழுதுங்கள்.

மேலதிகாரிகளாக இருக்கும் பிள்ளைகளுக்கு இன்னொன்று. அடுத்த கூட்டத்தில் முதலில் சிவப்பு எழுதிக்கொண்டு வருகிறவனுக்கு டீ கொடுங்கள். எல்லாம் பச்சையாக வைத்திருப்பவனைக் கூட்டிக்கொண்டு அந்தத் தெருவுக்கு நேரில் போங்கள். வெயில் ஏறுவதற்கு முன்னால் போய்விடுவது நல்லது.